எலுமிச்சை குக்கீஸ்: வாசனை தோலில், புளிப்பு மேல்பூச்சில்

எலுமிச்சை குக்கீஸ் செய்து பார்த்துவிட்டு "எலுமிச்சை வாசனையே வரலையே" என்று அலுத்துக்கொள்பவர்கள் அடுத்த தடவை செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: சாற்றை இன்னும் இரண்டு ஸ்பூன் கூட்டி ஊற்றுவார்கள். அப்போதும் வாசனை வராது. மாவு தளர்ந்து, குக்கீ கேக் மாதிரி உப்பி, மறுநாளே டப்பாவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

சாற்றில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அதில் ஐந்தாறு சதவீதம் சிட்ரிக் அமிலம். அது நாக்குக்குப் புளிப்புத் தரும், மூக்குக்கு எதுவும் தராது. நாம் எலுமிச்சை என்று அடையாளம் காணும் மணம் முழுக்கத் தோலின் மேலடுக்கில், சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. பழத்தோலை மெழுகுவத்திச் சுடர் அருகே மடக்கிப் பிதுக்கினால் பொறி பொறியாகத் தெறித்து எரிவது அந்த எண்ணெய்தான். குக்கீ மாவில் நாற்பது சதவீதத்துக்கு மேல் வெண்ணெயும் சர்க்கரையும். எண்ணெய் வெண்ணெயில் நன்றாகக் கரையும், அடுப்புச் சூட்டிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதனால் இந்தக் குறிப்பில் மாவுக்குள் ஒரு சொட்டுச் சாறுகூடப் போகாது. மாவுக்குத் தோல், மேலே பூசும் ஐசிங்குக்குச் சாறு. இந்தப் பிரிவினையைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பல குறிப்புகளில் சாறும் சமையல் சோடாவும் சேர்ந்தே வரும். அரை டீஸ்பூன் சோடா, இரண்டு டேபிள்ஸ்பூன் சாற்றின் புளிப்பை ஏறக்குறைய மொத்தமாக முறித்துவிடும். புளிப்புக்காக ஊற்றிய சாறு குமிழியாகப் போய், தண்ணீர் மட்டும் மாவில் மிஞ்சும். சோடா அதற்கும் மேலே போனால் சோப்பு நக்கிய மாதிரி ஒரு சுவை வரும்.

பழம்

நம் கடைகளில் கிடைப்பது மெல்லிய தோலுள்ள சின்னப் பழம். தென்காசிப் பக்கம் புளியங்குடியிலிருந்து மூட்டை மூட்டையாக வருவதும், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 ரகமும் இந்த இனம்தான். வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் யுரேகா, லிஸ்பன் ரகப் பழங்கள் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெரியவை, தோலும் தடிமன். அங்கே "ஒரு எலுமிச்சையின் தோல்" என்றால் ஒரு டேபிள்ஸ்பூன் துருவல், சுமார் ஆறு கிராம். நம் பழம் ஒன்றில் ஒரு டீஸ்பூன்கூட முழுசாகத் தேறாது. அதனால் அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றி ஒரே பழத்தைத் துருவிப் போட்டால், வாசனை வராததில் ஆச்சரியமில்லை. நம் பழம் என்றால் ஐந்தாறு வேண்டும்.

நன்றாக மஞ்சளாகப் பழுத்த, தொட்டால் வழவழவென்று இருக்கும் பழமாக எடுங்கள். சுருங்கிய பழத்தில் தோல் காய்ந்து எண்ணெய் போயிருக்கும். பச்சைக் காயிலும் மணம் இருக்கிறது, கொஞ்சம் காரமாக, வேறு மாதிரி. ஆனால் வெந்த பிறகு அந்தப் பச்சைத் துணுக்குகள் பழுப்பாகி, பார்க்க அழுக்கு மாதிரி தெரியும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுத் துருவ வேண்டும். பிழிந்த பிறகு துருவலாம் என்று நினைக்காதீர்கள். தொளதொளத்த தோல் துருவியில் நிற்காது. துருவுவதற்கு மெல்லிய, கூரான பற்கள் உள்ள நீளத் துருவிதான் சரி. இஞ்சி துருவும் முள் பக்கம் தோலைக் கிழித்துக் கூழாக்கும், எண்ணெய் பாதி துருவியிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும். ஓரிடத்தில் ஒரு இழுப்பு, உடனே பழத்தைத் திருப்பி அடுத்த இடம். மஞ்சள் போய் வெள்ளை தெரிந்தால் அங்கே நிறுத்த வேண்டும், அந்த வெள்ளைதான் கசப்பு. நம் பழத்தில் மஞ்சள் அடுக்கு மிக மெல்லியது என்பதால் இரண்டாவது இழுப்பிலேயே வெள்ளை வந்துவிடும்.

எசென்ஸ் ஊற்றலாமா என்று கேட்பார்கள். ஊற்றலாம், ஆனால் வீடு துடைக்கும் திரவத்தின் நினைப்பு வராமல் சாப்பிட முடியாது. தோல் இருக்கும்போது அது எதற்கு?

அளவுகள்

சுமார் 24 குக்கீக்கு: உப்பில்லா வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 140 கிராம், தோல் துருவல் 6 கிராம், முட்டை ஒன்று, மைதா 190 கிராம், கார்ன்ஃப்ளோர் 15 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். மேலே பூச, ஐசிங் சுகர் 100 கிராம், எலுமிச்சைச் சாறு 4 டீஸ்பூன்.

தராசில் எடையிட்டுச் செய்யுங்கள், முக்கியமாக மைதாவை. ஒரே 240 மில்லி கப்பில், ஸ்பூனால் அள்ளிப் போட்டு மட்டம் தட்டினால் 120-125 கிராம் வரும். கப்பை டப்பாவுக்குள் விட்டு அழுத்தி எடுத்தால் 150 கிராம் வரும். ஒன்றரைக் கப்பில் கிட்டத்தட்ட 40 கிராம் வித்தியாசம். ஒருவருக்குப் பரவி அப்பளமாவதும் இன்னொருவருக்கு உருண்டை உருண்டையாகவே வெந்து நிற்பதும் பல நேரம் இந்தக் கப்பால்தான். சமையலறைத் தராசு வாங்குவது ஓவன் வாங்குவதைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன்.

கார்ன்ஃப்ளோர் மைதாவின் பசைத்தன்மையைக் குறைத்து, கடித்ததும் உதிரும் பதத்தைக் கொடுக்கும். அது இல்லையென்றால் மைதாவையே 205 கிராமாகப் போடலாம், கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். கோதுமை மாவு கலக்க விரும்புபவர்கள் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமேல் போனால் தவிட்டின் வாசனை எலுமிச்சையை அமுக்கிவிடும்.

சாதாரண உப்பு வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறது என்றால் அதையே போடலாம். அதில் சுமார் இரண்டு சதவீதம் உப்பு உண்டு, 115 கிராமுக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. தனியாக உப்புச் சேர்க்காதீர்கள். வீட்டில் கடைந்து எடுத்த வெண்ணெய் இதற்குச் சரிவராது. எவ்வளவு பிழிந்தாலும் உள்ளே எவ்வளவு மோர் நிற்கிறது என்று தெரியாது, ஒவ்வொரு முறையும் குக்கீ ஒவ்வொரு மாதிரி வரும். அதை உருக்கி நெய்யாக்கி நெய் பிஸ்கட் செய்வது நல்லது. இந்தக் குக்கீயில் நெய் போட்டால் நெய் மணம்தான் மிஞ்சும்.

சர்க்கரையைத் தோலோடு தேய்ப்பது

நம் ஊர்ச் சர்க்கரை பெரிய பரல். அப்படியே போட்டால் வெண்ணெயில் கரையாமல் பல்லில் நறநறக்கும். மிக்ஸியில் இரண்டு மூன்று தடவை விட்டு விட்டுச் சுற்றி, ரவை பதத்துக்கு எடுங்கள். மாவாக அரைக்க வேண்டாம், கொஞ்சம் பரல் இருந்தால்தான் அடுத்த வேலை நடக்கும்.

அகலமான கிண்ணத்தில் சர்க்கரையையும் துருவலையும் போட்டு, விரல் நுனிகளால் இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும். சர்க்கரைப் பரலின் கூர் முனைகள் எண்ணெய்ப் பைகளை உடைத்து எண்ணெயை இழுத்துக்கொள்ளும். முதலில் வெள்ளையாக உலர்ந்திருக்கும் சர்க்கரை மெல்ல மெல்ல வெளிர் மஞ்சளாகி, கையில் பிடித்தால் பிடிபடும் அளவுக்கு ஈரமாகும். அந்த நேரத்தில் சமையலறை முழுக்க மணக்கும். மணக்கவில்லை என்றால் பழம் பழையது, இன்னும் இரண்டைத் துருவிச் சேருங்கள். இதை மூடிக் கால் மணி நேரம் வைத்தால் இன்னும் நல்லது.

துருவலைக் கடைசியில் மைதாவோடு தூவிக் கலக்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. அதே அளவு தோல், பாதி வாசனை.

வெண்ணெயின் சூடு

"அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்" என்று குறிப்புகளில் எழுதியிருக்கும். எழுதியவர் வீட்டு அறை 20 டிகிரி. சென்னையில் மே மாதச் சமையலறை 34 டிகிரி. அந்தச் சூட்டில் வெண்ணெய் உருகவே தொடங்கிவிடும். உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது, மாவு தளரும், ஓவனுக்குள் போனதும் வழிந்து பரவும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து சின்னத் துண்டுகளாக வெட்டிப் பரப்பினால் வெயில் காலத்தில் பத்து நிமிடம் போதும், மார்கழியில் அரை மணி ஆகலாம். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரல் உள்ளே வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. மேலே எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தால் நேரம் தாண்டிவிட்டது. கிண்ணத்தோடு ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

எலுமிச்சைச் சர்க்கரையில் வெண்ணெயைப் போட்டு, பீட்டரால் நடுத்தர வேகத்தில் இரண்டு நிமிடம். மரக்கரண்டி என்றால் ஐந்தாறு நிமிடம். நிறம் வெளுத்து, கொஞ்சம் மிருதுவானால் போதும். கேக்குக்கு அடிப்பதுபோல நுரைக்க நுரைக்க அடித்தால் ஓவனில் உப்பி எழுந்து பின்பு தட்டையாக அமுங்கிவிடும்.

முட்டை குளிர்ச்சியாக இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் முட்டையை ஓட்டோடு வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். குளிர்ந்த முட்டையை ஊற்றினால் வெண்ணெய் இறுகி, கலவை திரிந்த பால் மாதிரி ஆகும். அப்படி ஆனாலும் பயப்பட வேண்டாம், ஒரு டேபிள்ஸ்பூன் மைதாவைச் சேர்த்து அடித்தால் கூடிவரும்.

மைதா, கார்ன்ஃப்ளோர், பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் சேர்த்துச் சலித்து, கரண்டியால் மடித்துக் கலக்கவும். உலர்ந்த மாவு கண்ணில் படாத அந்த நொடியோடு நிறுத்துங்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் பசை இழுத்து, குக்கீ கடினமாகும்.

மஞ்சள் நிறம் வேண்டும் என்று சிலர் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுவார்கள். சுவை தெரியாத அளவு போட்டால் தவறில்லை. ஆனால் குறிப்பில் சோடா இருந்து, அது சரியாகக் கலக்காமல் திட்டுத் திட்டாக நின்றால், வெந்த குக்கீயில் சிவப்புப் புள்ளிகள் வரும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்குமே, அதே காரணம்தான்: காரத்தன்மையுள்ள சோடாவோ சுண்ணாம்போ பட்டால் மஞ்சள் சிவக்கும்.

குளிர வைப்பது

இதைத் தவிர்க்கவே முடியாது. கலந்த மாவு கையில் ஒட்டும், அதற்காக மைதாவைக் கூட்டிவிடாதீர்கள். மூடி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒட்டல் தானாகப் போகும். அவசரம் என்றால் ஃப்ரீசரில் 20 நிமிடம். பிறகு 20-21 கிராம் உருண்டைகளாக உருட்டுங்கள், பெரிய நெல்லிக்காய் அளவு. உள்ளங்கைச் சூடே வெண்ணெயை உருக்கும் என்பதால் சட்டென்று உருட்டி வைக்க வேண்டும். உருட்டியபின் இன்னும் பத்து நிமிடம் குளிர்ந்தால் வெயில் காலத்துக்கு நல்லது.

உருண்டைகளை ஃப்ரீசரில் தட்டில் பரப்பி இறுக விட்டு, பிறகு ஜிப் கவரில் போட்டால் ஒரு மாதம் கெடாது. வேண்டியபோது நான்கைந்தை எடுத்து அப்படியே சுடலாம், இரண்டு நிமிடம் மட்டும் கூடுதலாக ஆகும்.

ஓடிஜியில்

ஓடிஜி என்பது மேலும் கீழும் மின்கம்பி சூடாகும் சின்ன ஓவன். அந்த இரண்டு கம்பிகளையும் போட்டு, 170 டிகிரியில் 15 நிமிடம் முன்சூடு. ஓடிஜியின் திருகு காட்டும் டிகிரியை அப்படியே நம்ப முடியாது, 15-20 டிகிரி முன்னே பின்னே இருப்பது சர்வ சாதாரணம். உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால் உங்கள் ஓவனின் குணம் தெரிந்துவிடும். மைக்ரோவேவில் கன்வெக்‌ஷன் பயன்படுத்துபவர்கள் 160 வையுங்கள், விசிறி ஓடுவதால் சூடு வேகமாகப் பிடிக்கும்.

ட்ரேயில் பேக்கிங் பேப்பர் போடுங்கள். பட்டர் பேப்பர் என்ற பெயரில் விற்கும் எல்லாமும் சூட்டுக்கு ஏற்றதல்ல; சில குக்கீயின் அடியோடு ஒட்டிக்கொண்டு வரும். ட்ரேயில் வெண்ணெய் தடவுவதும் கூடாது, வழுக்கிப் பரவும். உருண்டைகளுக்கிடையே இரண்டு விரல் இடைவெளி விட்டு வைத்து, லேசாக மட்டும் அழுத்துங்கள். வெந்ததும் சுமார் 6 செ.மீ. அகலம் வரும். சின்ன ஓடிஜியில் ஒரு தடவைக்கு எட்டு ஒன்பதுதான் கொள்ளும். அடுத்த ஈடு வைக்கும் முன் ட்ரேயை ஆறவிட வேண்டும். சூடான ட்ரேயில் வைத்தால் ஓவனுக்குள் போகும் முன்பே அடியில் வெண்ணெய் உருகி, முதல் ஈடு அழகாகவும் இரண்டாவது ஈடு சப்பையாகவும் வரும்.

நடுத் தட்டில் 11 முதல் 13 நிமிடம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேலே பொன்னிறம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்தக் குக்கீ வெளுப்பாகவே இருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் மெல்லிய பொன் கோடு, நடுவில் பளபளப்பு போய் மங்கிய தோற்றம், தொட்டால் இன்னும் மெத்தென்று இருப்பது, இதுதான் பதம். ஒன்றைக் கரண்டியால் தூக்கிப் பாருங்கள், அடி இளம் பொன்னிறமாக இருந்தால் எடுத்துவிடலாம். மேலேயும் சிவக்க விட்டால் வறுத்த வாசனை வந்து எலுமிச்சையை மறைத்துவிடும், ஆறியதும் கல் மாதிரி இருக்கும். ட்ரேயிலேயே ஐந்து நிமிடம் விட்டு, கம்பி வலைக்கு மாற்றுங்கள். சுடச்சுடத் தூக்கினால் உடையும்.

அடி மட்டும் கருகுகிறது என்றால் ட்ரே கறுப்பு நிறமாக இருக்கும், அது சூட்டை அதிகம் இழுக்கும். அலுமினியத் தட்டுக்கு மாறுங்கள், அல்லது இரண்டு ட்ரேயை ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள்.

மேல்பூச்சு

குக்கீ முழுக்க ஆறிய பிறகுதான். இளஞ்சூட்டில் ஊற்றினால் பூச்சு உருகி உள்ளே இறங்கிவிடும். ஐசிங் சுகரைச் சலித்து, சாற்றை ஒவ்வொரு டீஸ்பூனாகச் சேருங்கள். மூன்றாவது ஸ்பூன்வரை கட்டியாக இருக்கும், நாலாவதில் சட்டென்று இளகும். கரண்டியிலிருந்து வழியும் கோடு பத்து நொடி நின்று மறைந்தால் சரியான பதம். அதற்குமுன் மறைந்தால் இன்னும் கொஞ்சம் ஐசிங் சுகர் சேருங்கள். வீட்டில் அரைத்த சர்க்கரைத் தூளில் செய்தால் மணல் மணலாக இருக்கும், கடையில் விற்கும் ஐசிங் சுகரே மேல்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இந்தப் பூச்சு காயவே காயாது. அந்த நாட்களில் வேறு வழி: இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரையோடு கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் சேர்த்துத் தூளாக்கி, உருண்டைகளை அதில் புரட்டிச் சுடுங்கள். அந்தக் கால் டீஸ்பூனில் ஏறக்குறைய நான்கு டீஸ்பூன் சாற்றின் புளிப்பு இருக்கிறது, தண்ணீர் துளியும் இல்லை. நாக்கில் பட்டதும் சுரீரென்று இருக்கும். இதையும் பூச்சையும் சேர்த்துச் செய்யாதீர்கள், பல் கூசும்.

முட்டை வேண்டாதவர்களுக்கு

மேலே சொன்ன குறிப்பில் முட்டைக்குப் பதில் பாலோ தயிரோ ஊற்றினால் குக்கீ மெத்தென்று ரொட்டி மாதிரி ஆகும். அளவையே மாற்றுவதுதான் சரி: வெண்ணெய் 115 கிராம், பொடித்த சர்க்கரை 70, துருவல் 6, மைதா 150, கார்ன்ஃப்ளோர் 20, கால் டீஸ்பூன் உப்பு. பேக்கிங் பவுடர் வேண்டாம். இதில் சர்க்கரையைத் தோலோடு மிக்ஸியிலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். எல்லாவற்றையும் உதிரியாகக் கலந்து, கையால் அழுத்திச் சேர்த்து, உருளையாக உருட்டி, இரண்டு மணி நேரம் குளிர்ந்ததும் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான வில்லைகளாக வெட்டி, 160 டிகிரியில் 15-18 நிமிடம். இது வாயில் வைத்ததும் கரையும் வகை. வெட்டும்போது உதிர்ந்தால் ரொம்பக் குளிர்ந்திருக்கிறது, ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு வெட்டுங்கள்.

எந்த வகையானாலும் முழுதாக ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில். பூச்சில்லாத குக்கீ ஒரு வாரம் நன்றாக இருக்கும். நமுத்துப் போனால் 150 டிகிரி ஓவனில் நான்கைந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் திரும்ப மொறுமொறுக்கும். பூச்சு போட்டதை அப்படிச் செய்ய முடியாது, அதனால் சாப்பிடும் அன்றைக்குப் பூசிக்கொள்வது உத்தமம்.

தோல் போன பழங்கள் ஐந்தாறு மிஞ்சி நிற்கும். வெளியே வைத்தால் ஒரே நாளில் காய்ந்து ஓடாகிவிடும். அன்றைக்கே பிழிந்து, பூச்சுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை ஐஸ் ட்ரேயில் ஊற்றி வையுங்கள். எலுமிச்சை சாதத்துக்கோ ரசத்துக்கோ இரண்டு கட்டி எடுத்துப் போட்டால் ஆயிற்று.